போட்டு வாறம்

அக்கா குவைத்துக்கு வெளிக்கிட்ட விடியப்புறம் அவளின் மகள் நல்ல நித்திரை. எழுப்பினால் அழுவாள் எண்டு தடுத்தது நாங்கள்தான். விடிஞ்சதும் "அம்மா கடைக்குப் போட்டா" என்றோம். ஐந்து வயசுப் பிள்ளைக்குக் கடை எவ்வளவு தூரம் எண்டு தெரியாதா?

அதுக்குப் பிறகு இரவில் அவள் கண்ணை மூடுவதில்லை. "உம்மாண்டி வருது, படு" எண்டு வெருட்டியும் பார்த்தோம். அவள் பயந்தது உம்மாண்டிக்கில்லை. தான் நித்திரை கொண்டால் இன்னொராள் காணாமல் போயிடும் எண்டதுக்கு. அது விளங்க எங்களுக்கு ஒரு மாசம் எடுத்தது.

பிறகு உண்மையைச் சொன்னோம். அக்காவின் பழைய சீலை ஒன்றைத் தோய்க்காமல் கொடுத்தோம். பிள்ளைகள் படுக்கும்போது கட்டிப்பிடிக்கிற துணி, பொம்மை பற்றி வினிகொட் என்ற குழந்தை மருத்துவர் 1953இல் எழுதியிருக்கிறார்: தோய்த்தால் மணம் மாறும், பிள்ளைக்கு அதன் அர்த்தமே குலைந்துவிடும். அம்மம்மாவுக்கு வினிகொட்டைத் தெரியாது. ஆனால் ஏணை கட்டத் தாயின் சீலையைத்தான் தேடுவா.

இங்கு இரவு எட்டு மணியென்றால் குவைத்தில் ஐந்தரை. அக்காவுக்கு வேலை முடியாது. அதனால் முதலே குரல்பதிவு அனுப்பிவிடுவாள்.

இப்போது விடியப்புற பஸ்ஸில் கம்பஸுக்குப் போகும்போதும் அவளை எழுப்பி, "போட்டு வாறம்" எண்டு சொல்லித்தான் வெளிக்கிடுகிறோம். அழுகிறாள்தான். ஆனால் இரவில் நித்திரை கொள்கிறாள்.