மழைக்கு இரண்டு நேரம்

சென்னையில் மழைக்கு இரண்டு நேரங்கள் உண்டு. ஆனி, ஆடி மழை பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகே வரும். ஐப்பசி, கார்த்திகை மழையோ நள்ளிரவுக்கு மேல் தொடங்கி, விடியலில் கொட்டித் தீர்த்துவிட்டுப் பல நாட்களில் பத்து மணிக்கெல்லாம் வெயிலைக் காட்டும். ஊர் ஒன்று, கடல் ஒன்று. நேரம் ஏன் மாறுகிறது? வளிமண்டலவியல் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கரும்பலகையில் எழுதுகிறேன்.

மே, ஜூனில் மேற்கிலிருந்து வீசும் காய்ந்த தரைக்காற்று, கடற்காற்றைக் கரைக்கு வெளியே நிறுத்திவைக்கும். தரைக்காற்று ஓங்கிய நாட்களில் பிற்பகல்வரை கடற்காற்று உள்ளே வராது. மீனம்பாக்கம் 40 டிகிரியைத் தாண்டுவது அப்படிப்பட்ட நாட்களில்தான். நுழைந்ததும் கடற்காற்று தன் முன்விளிம்பில் இருக்கும் காற்றை மேலே தள்ளிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் பக்கமாக நகரும். ரேடார் திரையில் அந்த விளிம்பு, கரைக்கு இணையான மெல்லிய கோடாகத் தெரியும். அது மழையல்ல. காற்று கூட்டிச்சேர்த்த பூச்சிகளும், இரு பக்கக் காற்றின் ஈரப்பத வேறுபாடும்தான் அப்படித் தெரிகின்றன. அதே வேளையில் சித்தூர், திருத்தணி மலைப்பக்கம் எழுந்த இடிமேகங்கள் மேற்குக் காற்றில் கிழக்கே வந்துகொண்டிருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு மணி நேரத்தில் தெரு ஆறாகிவிடும். அந்தக் கோடு கரையைவிட்டுக் கிளம்புவதை எத்தனை மாலைகள் பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

வடகிழக்குப் பருவத்தில் கதை வேறு. கடல்மேல் தடையின்றி வரும் காற்று, கரையைத் தொட்டதும் மரத்திலும் கட்டடத்திலும் உரசி வேகம் இழக்கிறது. பின்னால் வருகிற காற்று அதே வேகத்தில் வந்து நெருக்க, போக்கிடம் இல்லாமல் மேலே எழுகிறது. இரவில் தரை குளிர்ந்து நிலக்காற்று கடலை நோக்கி வழியும்போது, இந்த நெருக்கடி கரைக்குச் சற்று வெளியே, வெதுவெதுப்பான கடல்மேல் நடக்கிறது. விடியல் மழை அங்கே பிறக்கிறது. அதனால்தான் மயிலாப்பூரில் முழங்கால் தண்ணீர் நிற்க, நாற்பது கிலோமீட்டர் உள்ளே தூறலோடு முடிந்துபோகும்.

புயல் என்றாலும் நான் முதலில் பார்ப்பது கரையை ஒட்டிய இந்தக் குறுகிய பட்டையைத்தான். 'எங்கே கரையைக் கடக்கும்?' என்றே எல்லோரும் கேட்கிறார்கள். எவ்வளவு வேகமாக நகர்கிறது, அதன் எந்தப் பக்கத்தில் நாம் இருக்கிறோம் என்ற கேள்விகளே எனக்குப் பெரியவை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைத் தொட்ட ஃபெஞ்சல், காற்றின் வேகப்படி பார்த்தால் புயல்களில் மிகக் கீழ்நிலை வகை. ஆனால் அது நகராமல் நின்றுவிட்டது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர், மயிலத்தில் 50 சென்டிமீட்டருக்கும் மேல். முந்தைய ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் சென்னையைக் கடக்கவே இல்லை. கரைக்கு அருகே மெல்ல ஊர்ந்து, நகரை மூழ்கடித்துவிட்டு ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையேறியது. காற்றை மட்டும் அளந்து புயலுக்குத் தரம் பிரிப்பது தமிழகக் கரைக்குப் போதாது என்று உறுதியாகவே சொல்வேன்.

புயலில் கடல் ஏறிவருவதும் ஒற்றை எண்ணில் அடங்காது. காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் சுமார் 1 சென்டிமீட்டர் உயரும். அழுத்தம் 40 ஹெக்டோபாஸ்கல் சரிந்தாலும் அந்தக் கணக்கில் வருவது முழங்கால் அளவுதான். ஆள் உயரத்துக்கு மேல் நீரைக் கரையேற்றுவது காற்று. ஆழமான கடலில் தள்ளப்படும் நீர் அடிவழியே திரும்பிவிடும். ஆழம் குறைந்த பாக் நீரிணைப் பகுதியில் அதற்கு இடமில்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியையும் அதை நோக்கி வந்த ரயிலையும் கடல் கொண்டுபோனதற்குப் பின்னால் இந்த எளிய கணக்கு இருக்கிறது. மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வடக்கே உள்ள கரையில் காற்று கடலிலிருந்து தரைக்கு அடிக்கும். தெற்கே தரையிலிருந்து கடலுக்கு அடிக்க, நீர் உள்வாங்கும். புயல் பாதை சற்று விலகினாலும் ஒரு கிராமம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாறிவிடும். மாணவர்களைக் கையால் சமஅழுத்தக் கோடு வரையச் சொல்வது இதற்காகத்தான். பென்சிலோடு அந்தக் கோட்டை வளைத்தவருக்கு, அது எந்தெந்த ஊர்வழியே போகிறது என்பது மறக்காது.

இனி எனக்கு வேண்டியது கரையை ஒட்டிய கடல்மேல் எடுத்த அளவுகள். பூமியின் வளைவாலும் கதிரின் சிறிய ஏற்றக் கோணத்தாலும் 200 கிலோமீட்டர் தொலைவில் ரேடார் கதிர் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடும். உயரம் குறைந்த பருவமழை மேகங்கள் அதற்குக் கீழேயே மழையைக் கொட்டிவிடுகின்றன. ஆழ்கடலில் மிதவைக் கருவிகள் இருக்கின்றன. கரைக்கும் அவற்றுக்கும் நடுவே இடைவெளி பெரிது. மீனவர்களின் ஃபைபர் படகுகளில் காற்றழுத்தத்தையும் நீரின் வெப்பத்தையும் அளக்கும் சிறு கருவியைப் பொருத்தலாம். புயல் நாளில் படகு கடலுக்குப் போகாது, போகவும் கூடாது. ஆனால் சாதாரண ஐப்பசி நாட்களில் அவர்கள் வலையோடு கிளம்புவது விடியலுக்கு வெகுமுன்பே. நான் அளக்க விரும்பும் நேரமும் அதுதான்.