ரெண்டு ராத்திரி

காலையிலேர்ந்து இந்த ஊர்தான் மனசுல ஓடுது.

மஸ்கட்டீன். அமெரிக்காவுல, அயோவா மாநிலத்துல, மிசிசிப்பி ஆத்தங்கரையில இருக்கிற சின்ன ஊர்.

1985-ல சீனாவுலேர்ந்து ஒரு மாவட்ட அதிகாரி விவசாயம் பார்க்க அங்க வந்தார்.
ஒரு குடும்பம் வீட்டுலயே தங்க வச்சுது. காலேஜுக்குப் போயிருந்த பையனோட ரூம்.
ரெண்டே ராத்திரி.

அந்த அதிகாரிதான் இன்னைக்குச் சீன அதிபரா இருக்கிற ஷி ஜின்பிங்.

2024 ஜனவரியில அதே ஊர் ஹைஸ்கூல் பிள்ளைங்க சீனாவுக்குப் போனாங்க. 1985-ல ஷி வேலை பார்த்த ஹெபெய் மாகாணத்துக்கும் போய், அங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களோட பழகினாங்க.

பள்ளிக்கூடம்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. சீனப் பள்ளிக்கூடங்கள்ல ஒரு வழக்கம் உண்டு. 1963-லேர்ந்து இருக்கு.
பாடத்துக்கு நடுவுல ஸ்பீக்கர்ல இசை வரும். மொத்த வகுப்பும் கண்ணை மூடிக்கிட்டு, புருவத்தையும் கன்னத்தையும் மெல்ல அமுக்கி விட்டுக்கும். கண்ணுக்கான பயிற்சி.

விருந்தாளியா வந்த பிள்ளையும் பக்கத்துல உக்காந்து கண்ணை மூடினா எப்படி இருக்கும்!
பாஷை தெரியாட்டி என்ன, விரல் பார்த்துக்கும்.

ரெண்டு அரசாங்கமும் முறைச்சுக்கிட்டு நிக்கிற காலத்துல இந்தப் பயணங்கள் நிக்கவே கூடாது.

படிக்கிற வயசுல, பாஷை தெரியாத ஊர்ல, யார் வீட்டுலயாவது தங்கியிருக்கீங்களா?
அந்த வீட்டைப் பத்திச் சொல்லுங்களேன்.