இடையன்குடி வளர்த்த பிள்ளை

திசையன்விளையிலிருந்து இடையன்குடிக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஊர் வருவதற்குள் சட்டையில் செம்மண் படிந்துவிடும். தேரி மண். காற்றடிக்கிற மாதங்களில் அது இடம்விட்டு இடம் நகரும். மரமென்று சொல்ல எங்கு பார்த்தாலும் பனைதான். ஊருக்குள் நுழைந்தால் தெருக்கள் நூல் பிடித்தாற்போல நேராக ஓடும். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் இப்படி ஒழுங்கான தெருக்களைப் பார்ப்பது அரிது. 1841-இல் சென்னையிலிருந்து பெரும்பாலும் கால்நடையாகவே வந்து சேர்ந்த ராபர்ட் கால்டுவெல், நிலம் வாங்கி, தெரு வகுத்து, கிணறு வெட்டி, மரம் நட்டு உருவாக்கிய ஊர் அது. தமிழ் படித்தவர்களுக்கு அவர் 1856-இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய அறிஞர். ஊர்க்காரர்களுக்கு அவர் கால்டுவெல் ஐயர். நேற்றுவரை பக்கத்துத் தெருவில் இருந்தவரைப் போலத்தான் அவரைப் பற்றிப் பேசுவார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த வட்டாரத்துக்குத் தமிழாசிரியராக வந்தபோது நான் ஞானஸ்நானம் பெற்று அதிக காலம் ஆகியிருக்கவில்லை. சொந்த ஊர் சங்கரன்கோவில். தறிச் சத்தத்தில் கண்விழித்த வீடு. ஆடித்தபசு வந்தால் தெருவே கோமதியம்மன் சந்நிதியில்தான் நிற்கும். பாளையங்கோட்டையில் படிக்கும்போது அறைத்தோழனின் புதிய ஏற்பாடு கைக்கு வந்தது. மலைப்பிரசங்கத்தை வாசித்த பிறகு என்னால் பழையபடி இருக்க முடியவில்லை. வீட்டில் அதனால் நடந்ததெல்லாம் பெரிய கதை, அதை இங்கே விரிக்கப் போவதில்லை. ஞானஸ்நானம் ஒரு காலை ஆராதனைக்குள் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு மனிதன் எப்படிக் கிறிஸ்தவனாக வாழ்வது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது இடையன்குடிதான்.

நான் குடியிருந்தது ஒரு பனையேறிக் குடும்பத்தின் வீட்டில். வீட்டுக்கார ஆச்சிக்கு அப்போதே எழுபது தாண்டியிருக்கும். வெள்ளைச் சேலை, பாம்படம் கழற்றியதால் தொங்கிய காது, எண்ணெய்ப் பிசுக்கேறிய வேதப்புத்தகம். சரளமாக வாசிக்கத் தெரியாது. ஆனால் சங்கீதங்கள் பாதிக்குமேல் மனப்பாடம். மகன்கள் விடிவதற்கு முன்பே பனையேறப் போய்விடுவார்கள். இடுப்பில் அருவாப்பெட்டியோடு ஏறிப் பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயங்களில் ஊறிய பதநீரை இறக்கிக் கொண்டுவருவார்கள். அதைக் காய்ச்சுவது ஆச்சியும் மருமகள்களும்.

வீட்டுக்குப் பின்னால் பனையோலை வேய்ந்த விடிலி. உள்ளே பெரிய அடுப்பு, அதன்மேல் தாச்சி. காய்ந்த ஓலையும் மட்டையும்தான் எரிபொருள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். புகை கண்ணைக் கரிக்கும், ஆனால் எழுந்துபோக மனம் வராது. பதநீர் கொதித்து, நுரைத்து, விளிம்புக்கு மேல் பொங்கி வரும். ஆச்சி ஆமணக்கு முத்து ஒன்றை நசுக்கிப் போடுவார், நுரை மளமளவென்று இறங்கிவிடும். முதல்முறை பொங்கியதைப் பார்த்து, ஆகிவிட்டதா என்று கேட்டேன்.

"எய்யா, பொங்குனா ஆயிருமா? அடங்கி நின்னு காயணும். அதுக்குப் பொறவுதான் பதம்" என்றார்.

அவர் கருப்பட்டியைத்தான் சொன்னார். என் மனம் வேறெங்கோ போனது. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவனுக்கு ஒரு தவிப்பு உண்டு. ஒவ்வொரு ஜெபத்திலும் கண்ணீர் வர வேண்டும், ஒவ்வொரு வசனமும் இடிபோல இறங்க வேண்டும் என்றிருக்கும். அப்படி வராத நாட்களில், தேவன் என்னை விட்டுவிட்டாரோ என்று கலங்குவேன். ஆச்சியின் ஜெபத்தில் இந்த ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. பாகைக் கிளறிக்கொண்டே, சுற்றி இருப்பவர்களுக்குக் கேட்கும்படியே பேசுவார். மூத்தவனுக்கு முழங்கால் வலி, எதிர்வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை, கடையில் கொடுக்க வேண்டிய பாக்கி, எல்லாம் அதில் வரும். நடுவில் நிறுத்தி, ஒரு துளிப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். பதம் சரியாக இருந்தால் சிரட்டைகளில் ஊற்றுகிற வேலை தொடங்கும், ஜெபமும் ஆமென் சொல்லி முடியும். அந்த விடிலியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான், உணர்ச்சி வற்றிய நாளிலும் ஜெபிக்கலாம் என்ற தைரியம் எனக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆச்சி வீட்டு விடிலியில் அடுப்பு எரியாது. அன்றைய பதநீரை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பட்டையில் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். அது ஒரு நாள் வருமானம். பனை ஓய்ந்த மாதங்களில் அந்த வீட்டில் என்ன வறட்சி வரும் என்பதைப் பார்த்தவன் நான் என்பதால் சொல்கிறேன், அது சின்ன விஷயம் இல்லை.

பிடியரிசியும் அப்படித்தான். உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். அது கோயிலுக்கு. கடனுக்கு வாங்கிய அரிசியாக இருந்தாலும் அந்தப் பிடி குறைந்து நான் பார்த்ததில்லை. இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்ந்த காணிக்கைகளைக் கொண்டுதான், 1903-இல் திருநெல்வேலியில் தொடங்கப்பட்ட இந்திய மிஷனெரி சங்கம் தெலுங்கு தேசத்து டோர்னக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பியது. வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் ஆட்களும் நம் காசும் போதும் என்று அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர், வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. பின்னாளில், 1912-இல், இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனாரே, அவர்தான். ஆச்சிக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. பிடியரிசி எங்கே போகிறது என்று ஒருநாள் கேட்டேன். "நம்மள விட இல்லாதவங்களுக்குத்தான்" என்றார். அவரைவிட இல்லாதவர் யார் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரிசுத்த திரித்துவ ஆலயம். கூர்முனை வளைவுகளோடு, தேரிக்காட்டுக்கு நடுவே நிமிர்ந்து நிற்கிற கல் கட்டடம். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே நுழைந்தால் பாதத்திலிருந்து குளிர்ச்சி ஏறும். 1847-இல் தொடங்கிய வேலை 1880-இல்தான் முடிந்தது. முப்பத்து மூன்று வருடம். பணம் வந்தபோது கட்டினார்கள், வராதபோது நிறுத்தினார்கள். மணியடிக்கிற பெரியவர் ஒருவர் எனக்கு ஊர்க்கதைகள் சொல்வார். இப்படிப்பட்ட ஜன்னல்களை இங்குள்ள கொத்தனார்கள் அதுவரை கண்டதில்லை, வரைபடமும் புரியவில்லை, அதனால் கால்டுவெல் களிமண்ணில் மாதிரி செய்து காட்டினார் என்பது அவற்றில் ஒன்று. அஸ்திவாரத்தில் கல் சுமந்தவர்களில் எத்தனையோ பேர் பிரதிஷ்டையைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். என் குணங்களில் சில, முன்கோபம் முக்கியமாக, ஏன் இன்னும் மாறவில்லை என்று நான் நொந்துபோன நாட்களில் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன்.

1891-இல் கொடைக்கானலில் இறந்த கால்டுவெல்லை அங்கிருந்து கொண்டுவந்து இந்தக் கோயிலுக்குள்தான் அடக்கம் செய்தார்கள். ஞாயிறு தோறும் அந்தக் கல்லறைக்குப் பக்கத்தில்தான் திருவிருந்துக்கு முழங்காலிடுவோம். அதை வெறும் மரியாதையாகத்தான் முதலில் எடுத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, 1849-இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சிறுநூலைப் பற்றி. திருநெல்வேலிப் பனையேறிச் சமூகத்தைப் பற்றி, அந்த மக்களின் அறிவையும் பழக்கவழக்கங்களையும் தாழ்த்திப் பேசுகிற நூல் அது. எழுத்தறிவு பெற்ற அடுத்த தலைமுறை அதைப் படித்துக் கொதித்தெழுந்தது. கண்டனங்கள் எழுதினார்கள், கூட்டம் கூட்டினார்கள். அந்த மக்களின் பேரப்பிள்ளைகள்தான் இந்தக் கல்லறையைக் கூட்டிப் பெருக்கிப் பூ வைக்கிறார்கள்.

மணியடிக்கிற பெரியவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

"தெரியாமலா? எங்க தாத்தா அந்தப் புத்தகத்துப் பேரைச் சொன்னாலே துப்புவாரு. அவரு எழுதுனது தப்புதான் வாத்தியாரே. பஞ்சத்துல கஞ்சி ஊத்துனவரும் அவருதான். இந்த ரெண்டுல எதையும் நாங்க மறக்கல."

மன்னிப்பைப் பற்றி நான் கேட்ட எத்தனையோ பிரசங்கங்களைவிட இந்த நாலு வார்த்தை எனக்கு உதவியிருக்கிறது. தப்பைத் தப்பென்று சொல்லவும் செய்யலாம், சொன்ன பிறகு அந்த மனிதரின் கல்லறைக்குப் பூவும் வைக்கலாம். பின்னாளில் வேறோர் ஊரில், சபைத் தேர்தலையொட்டிய பூசலில், நான் பரம்பரைக் கிறிஸ்தவன் இல்லை என்று சொல்லி என்னை ஒதுக்கினார்கள். சபையே வேண்டாம் என்று வெளியேறிவிடலாமா என்று தோன்றியது. சாதி பார்க்கிற சபைகள் இருக்கின்றன, பதவிக்கு அடித்துக்கொள்கிற சபைகளும் இருக்கின்றன. அது வேதனை, அதை மூடி மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் நான் போகவில்லை. பெரியவர் சொன்னதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

தமிழை என்ன செய்வது என்ற கேள்வியும் எனக்கு இருந்தது. கம்பனிலும் தேவாரத்திலும் ஊறியவன் நான். அதையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். அப்போதுதான் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையை முழுதாக வாசித்தேன். வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். 1858-இல் ஞானஸ்நானம் பெற்றார். பெற்ற பிறகும் கம்பன் அவர் நாவை விட்டுப் போகவில்லை. ஜான் பனியனின் கதையை அவர் ரட்சணிய யாத்திரிகமாகப் பாடியபோது, விருத்தம் விருத்தமாகக் கம்பனின் நடை அதில் கேட்கிறது. அது 1894-இல் நூலாக வந்தது. மனந்திரும்பியபோது முப்பது வயதைத் தாண்டியிருந்தவர், அந்தக் காவியத்தைக் கொடுத்தபோது முதியவர். இவ்வளவு காலமும் அவர் தன் பழைய செல்வத்தைப் புதிய எஜமானுக்கு எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்திருக்கிறார். அதை வாசித்து முடித்த இரவு எனக்கு ஏற்பட்ட ஆறுதலைச் சொல்லி முடியாது.

அம்மா ஒருமுறை என்னைப் பார்க்க வந்தாள். மகன் எந்த ஊரில், யார் வீட்டில் சாப்பிடுகிறான் என்று பார்க்க வேண்டும் அவளுக்கு. நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஒரு மஞ்சள் பை. எனக்குள் பயம்தான். ஆச்சி வாசலுக்கு வந்து, "வாங்க எம்மா, வெயில்ல வந்திருக்கீங்க" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். பேச்சு தறியில் தொடங்கிப் பனைக்கு வந்தது. ஆடித்தபசுக் கூட்டத்தைப் பற்றி ஆச்சி கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா திண்ணையில் நின்று கோமதியம்மனை நினைத்துக் கும்பிட்டாள். ஆச்சி வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அம்மா முடித்து உட்கார்ந்த பிறகுதான் குடும்ப ஜெபம் தொடங்கியது. அதில் அம்மாவின் மூட்டுவலிக்கும் ஒரு விண்ணப்பம் இருந்தது. என் விசுவாசத்தைக் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல் என் தாய்க்குப் பிள்ளையாக இருக்க முடியும் என்பதை அன்று அந்தத் திண்ணையில் பார்த்தேன்.

அம்மா வந்த சமயம் அசனம், சபையார் எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிற விருந்து. முதல்நாள் ராத்திரியே ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்குவார்கள். கிடாரங்கள் வரிசையாக ஏறும். வெந்த சோற்றை ஓலைப்பாயில் மலைபோலக் கொட்டி, சபை ஐயர் ஜெபித்த பிறகு பந்தி. வீட்டுக்கு வீடு கொடுத்த அரிசி அது, யாருடைய அரிசி யார் இலையில் விழுகிறது என்று எவருக்கும் தெரியாது. அம்மா பந்தியில் உட்கார்ந்தாள். ஒருபக்கம் பனையேறி வீட்டு மருமகள், மறுபக்கம் பள்ளிக்கூடத்து ஆயா. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "இத்தனை பேருக்கும் யார்டா போடுறா?" என்று கேட்டாள். எல்லோரும்தான் என்றேன்.

இன்று அந்த ஊரில் பனையேறுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆச்சியின் பேரன்கள் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள், விடிலி இருந்த இடத்தில் மாடிவீடு வந்துவிட்டது. அசனம் மட்டும் நடக்கிறது. அம்மா கடைசிவரை கோமதியம்மனைத்தான் கும்பிட்டாள். ஆனால் அந்த வருடத்திலிருந்து அசனத்துக்கு ஒரு மூட்டை அரிசிக்கான பணத்தை என்னிடம் கொடுத்தனுப்பத் தவறியதில்லை. நன்கொடைப் பட்டியலில் "வாத்தியார் தாயார், சங்கரன்கோவில்" என்று எழுதினார்கள். அவள் போன பிறகும் அந்த வரியை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இப்போது அந்தப் பணத்தைக் கட்டுவது என் மகள்.