மாமா போட்டில் ஆறு ஓட்டை!

சொந்த மாமாவோட போட்டில், அதுவும் அவர் கண் முன்னாடியே டிரில் மெஷினை வெச்சு ஓட்டை போட்டிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? நான் போட்டிருக்கேன். ஒண்ணு, ரெண்டு இல்லை... ஆறு!

எங்க ஊர் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை. நான் ஈ.சி.இ. மூணாம் வருஷம். போன லீவில் மாமா, அத்தையோட வளையலை அடகு வெச்சு, தன் ஃபைபர் போட்டுக்கு ஒரு எக்கோ சவுண்டர் வாங்கிட்டு வந்தார். ''மாட்டித்தர தனியா காசு கேக்கான். நீ எலெக்ட்ரானிக்ஸ்தானே படிக்க... நீயே மாட்டு மக்கா!''

தியரி எனக்குத் தண்ணிபட்ட பாடு. டிரான்ஸ்டியூசர்ங்கிறது கையளவு பிளாஸ்டிக் கட்டி. போட்டின் பின்பலகையில், தண்ணிக்குள் இருக்கிற மாதிரி திருகணும். அது கீழே சத்தத்தை அனுப்பிட்டு, எதிரொலிக்குக் காத்திருக்கும். கடல் தண்ணியில் சத்தம் செகண்டுக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். ஆழம் 30 மீட்டர்னா, போய்த் திரும்ப 0.04 செகண்ட். அவ்ளோதான் மேட்டர்!

கை வாகா இருந்த இடத்தில் மூணு ஓட்டை போட்டு மாட்டிட்டேன். கடலில் போட் நின்னப்போ ஸ்கிரீனில் அடித்தரை அழகா கோடு போட்டுச்சு. மாமா முகத்தில் ஒரே சிரிப்பு. அவுட்போர்டைக் கொஞ்சம் முறுக்கினார்... கோடு காலி! வேகத்தைக் குறைச்சா வருது, கூட்டினா போகுது. மாமா திட்டலை. எதுவுமே பேசாம கடலைப் பார்த்தார். திட்டியிருந்தாலே தேவலை.

ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. மறுநாள் போட்டைக் கரையேத்தி, அடியில் குனிஞ்சு பார்த்தப்பதான் விஷயம் புரிஞ்சது. அடிப்பக்கம் நீளவாக்கில் ஓடுற வரம்புக்கு நேர் பின்னாடி மாட்டித் தொலைச்சிருக்கேன்! வேகமாப் போகும்போது அந்த வரம்பு கிளப்புற காத்துக்குமிழி எல்லாம் டிரான்ஸ்டியூசர் மேலேயே வந்து விழுது. தண்ணிக்குள் சத்தத்துக்குக் காத்துக்குமிழி ஒரு சுவர் மாதிரி. மோதி அங்கேயே திரும்பிடும்.

பழைய ஓட்டைகளை எபாக்ஸி வெச்சு அடைச்சேன். பின்பலகைக்குள்ளே ப்ளைவுட் இருக்கு, தண்ணி இறங்கினா ஊறி அழுகிடும். (அதனால், பாத்ரூம் சிலிக்கானை இதில் பூசிடாதீங்க. படகுக்குன்னே சீலன்ட் இருக்கு!) மாமாவோட புரொப்பல்லர், பின்னாலிருந்து பார்த்தா கடிகாரம் மாதிரி வலஞ்சுழியாச் சுத்துது. வலப்பக்கம் இறக்கை கீழே இறங்குறதால் அங்கே குமிழி கம்மி. அதனால் வலப்பக்கம், புரொப்பல்லரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, அடிப்பரப்புக்குத் துளி கீழே இறங்கி நிக்கிற மாதிரி இடம் பார்த்தேன். மறுபடி டிரில்லை எடுத்தப்போ கை நடுங்குச்சு. மாமாதான் பலகையைப் பிடிச்சுக்கிட்டார்.

இந்த முறை முழு வேகத்திலும் கோடு அறுபடலை. ஸ்கிரீனில் 22 மீட்டர். மாமா நம்பலையே! என்ஜினை அணைச்சுட்டு, ஈயக்குண்டு கட்டின கயிற்றை இறக்கி, கை விரிச்சு அளந்தார்.

''பன்னெண்டு பாகம். உன் மெஷின் என்னத்தையோ 22-ங்குது?''

மெனுவுக்குள் போய் மீட்டரை பாகத்துக்கு மாத்தினேன். 12.0!

மாமா கயிற்றைச் சுருட்டி, பத்திரமா அணியத்துக்குள் வெச்சுக்கிட்டார்.