சித்திரை வீதியில் ஷோவே குதிரைகள்

திரை என்று அங்கே கட்டியிருந்தது ஓர் எட்டு முழ வேட்டி. கஞ்சி போட்டுத் தேய்த்து, நான்கு முனையிலும் சணல் கட்டி, ஜன்னல் கம்பிகளோடு இழுத்துப் பிணைத்திருந்தார்கள். ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் ஒரு பழைய வீட்டின் மாடிக் கூடம் அது. பிள்ளைகள் பாயில், பெரியவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில். நான் பின்சுவரில் சாய்ந்துகொண்டேன். படம் எனக்குப் பழக்கம்தான். முகங்களைப் பார்க்க வந்திருந்தேன்.

இயக்குநர் வெர்னர் ஹெர்ஸாக்கின் 'கேவ் ஆஃப் ஃபர்காட்டன் ட்ரீம்ஸ்' ஆவணப்படம், 2010-ல் வந்தது. அது காட்டும் ஷோவே குகை தெற்கு பிரான்சில் ஆர்தேஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. பாறை இடுக்கிலிருந்து வந்த மெல்லிய காற்றைத் துப்பாகப் பிடித்து, 1994 டிசம்பர் 18 அன்று மூன்று பேர் அதற்குள் இறங்கினார்கள். உள்ளே முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட குதிரைகள், சிங்கங்கள், காண்டாமிருகங்கள். என்றோ மலை சரிந்து வாயை அடைத்ததால் எதற்கும் பழுதில்லை. 1940-ல் கிடைத்த லாஸ்கோ குகையைப் பார்வையாளர்களின் மூச்சுக்காற்றே கெடுத்தது. 1963-ல் அதை மூடவேண்டி வந்தது. அந்தப் பாடம் கற்றதால் ஷோவேயைப் பொதுமக்களுக்குத் திறக்கவே இல்லை. ஹெர்ஸாக்குக்கும் மூன்றே பேரைத்தான் கூட அழைத்துப்போக அனுமதி. சூடு பரப்பாத விளக்கு, இரண்டடி அகல இரும்புப் பாதை, அதை விட்டுக் காலைக் கீழே வைக்கக் கூடாது.

முப்பரிமாணத்தில், கண்ணாடி போட்டுப் பார்க்க எடுத்த படம். பாறையின் மேட்டில் வயிற்றையும் பள்ளத்தில் கழுத்தையும் பொருத்தி வரைந்திருப்பதால் தட்டையாகப் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். ஆனால் அந்தக் கூடத்து மின்விசிறி வேட்டியை விடவில்லை. காற்று தட்டும்போதெல்லாம் துணி உப்பி அமுங்கியது. நான்கு குதிரைத் தலைகள் வரும் இடத்தில் அவை மூச்சு விட்டன. விசிறியை நிறுத்தப்போன இளைஞனை யாரோ, "இருக்கட்டும்ப்பா" என்று தடுத்தார்.

தடுத்தவர் மூன்றாம் வரிசை ஓரத்தில் இருந்தார். அறுபது வயதிருக்கும். அவருடைய கட்டைவிரல் நகத்தின் இடுக்கில் காவி இறுகியிருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் பேசியதிலிருந்து தெரிந்துகொண்டேன்: ஒரு காலத்தில் காந்தி மார்க்கெட் பக்கம் கடைகளுக்குப் போர்டு எழுதியவர். ஃப்ளெக்ஸ் வந்து பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்ட பிறகு கோயில் சுவர்களுக்கும் வீட்டுத் திண்ணைகளுக்கும் காவிப்பட்டை அடிக்கிறார். இரண்டு விரலில் பிரஷ் பிடிக்கும் பாவனையில் அவர் கை தொடையின் மேல் கிடந்தது. காண்டாமிருகத்தின் கொம்பை கேமரா அடியிலிருந்து நுனிவரை தொடர்ந்தபோது மணிக்கட்டு தானாகத் திரும்பியது.

"எடுக்காம இழுத்திருக்கான்" என்றார். சிறிது கழித்து, "சுவத்தை மொதல்ல சொரண்டியிருக்கான், பாத்தீங்களா? வெள்ளை தெரியணும்னு."

உண்மைதான். அந்தக் குதிரைகளை வரைந்தவர் மேற்பரப்பைச் சுரண்டி, வெளுத்த தளத்தை எடுத்துக்கொண்டுதான் கரியை வைத்தார். விரலால் கரியைத் தேய்த்து நிழலும் கொடுத்திருக்கிறார். நான் எங்கோ படித்து அறிந்துகொண்டதை இவர் ஒரு வேட்டியில் பார்த்து அறிந்துகொண்டார்.

குகைக்குள் எல்லோரையும் அசையாமல் நின்று அமைதியைக் கேட்கச் சொல்லும் காட்சி வந்தது. சித்திரை வீதியில் ஏது அமைதி? ஆட்டோ ஹாரனும், யார் வீட்டு குக்கரோ விட்ட விசிலும், ரயில் ஒன்று கொள்ளிடம் பாலத்தில் ஏறும் தடதடப்பும் வந்தன. இருந்தும் கூடத்தில் ஒருவர்கூட இருமவில்லை. பிறகு குகையின் ஆழத்தில் ஒரு சிறுவனின் காலடித் தடம், அருகே ஓநாயின் தடம். சிறுவனுக்கு எட்டு வயதிருக்கலாம் என்கிறது படம். ஓநாய் துரத்தியதா, கூட நடந்ததா, இல்லை இரண்டு தடங்களுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வருஷமா என்று ஹெர்ஸாக் கேட்கிறார். பாயிலிருந்த பையன் திரும்பி, "அம்மா, அவன் வெளியே வந்துட்டானா?" என்றான். அந்தக் குகையில் மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. வந்திருப்பான். அம்மா அவன் தலையைத் திரைப் பக்கம் திருப்பிவிட்டார்.

சுவர் முழுக்கச் சிவப்புக் கை அச்சுகள் வந்தபோதுதான் முன்வரிசை மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரே ஆளின் உள்ளங்கை, ஒரு சுண்டுவிரல் கோணல். அதே கோணல் விரல் குகையில் இன்னும் உள்ளே தள்ளியும் இருக்கிறது. முகம் தெரியாத அந்த ஆளை விரலை வைத்தே அடையாளம் காண்கிறார்கள். "இது காவின்னா!" என்றார் மாமி, உரக்க. பின்னாலிருந்து, "காவிதான் மாமி" என்று பதில் வந்தது. வெள்ளிக்கிழமை மாக்கோலம் போட்டுக் காவி பூசும் கையும், மதிலில் பட்டை அடிக்கும் கையும் ஒரே பொருளை அடையாளம் கண்டுகொண்டன. எனக்கு அந்த மாலையில் இதைவிடப் பெரிய காட்சி கிடையாது.

விளக்கு போட்டதும் ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள், "நம்ம ஊர்ல இப்படி இருக்கா?" இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலையில், குதிரை போன்ற விலங்கின் மேல் ஒருவர், கயிற்றைப் பிடித்தபடி ஒருவர், எல்லாம் செங்காவியில், பறவை முகத்தோடு நிற்கிறார்கள். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் கரிக்கியூர் பாறையில் நூற்றுக்கணக்கான உருவங்கள். ஸ்பெயினின் அல்தமிராக் குகை ஓவியங்களை 1879-ல் உலகம் அறிவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்பே, மிர்சாப்பூர்க் குன்றுகளில் தொல்லியலாளர் கார்லைல் பாறை ஓவியங்களைப் பார்த்துவிட்டார். அது அப்போது பரவலாகத் தெரியவரவில்லை.

ஷோவேயில் கரி இருந்ததால் கார்பன் கணக்கில் வயது சொல்ல முடிந்தது. நம்முடைய காவி இரும்பு ஆக்சைடு. அந்தக் கணக்குக்கு அது பிடி கொடுப்பதில்லை. அதனால் கீழ்வாலைக்கு வயது ஊகம்தான். வயது தெரியாதது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. விழுப்புரத்துக் குன்றுகளைக் கல்குவாரி தின்பதும், கரிக்கியூரில் மலையேற வந்தவர்கள் ஓவியத்தின் மேலேயே கிறுக்கிவிட்டுப் போவதும்தான் வயிற்றெரிச்சல். ஷோவேயில் இரண்டடிப் பாதைக்கு வெளியே கால் வைக்க விடவில்லை. இங்கே வெடி வைக்கிறார்கள்.

அந்தப் பெண் போனில் ஒரு படத்தைத் தேடி எடுத்தாள். புதுக்கோட்டையைத் தாண்டி, திருமயம் கோட்டைப் பாறையிலுள்ள காவி உருவங்கள். போர்டு எழுதியவர் போனை வாங்கி, இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தார்.

"திருமயமா? என் மச்சினன் ஊருக்குப் போற வழி. கோட்டைக்கு எத்தனை தடவை ஏறியிருக்கேன், யாரும் காட்டலியே. எந்தப் பக்கம் பாத்த பாறைம்மா இது? மழை நேரா அடிக்குமா?"

அவளுக்குத் தெரியவில்லை. "நான் அடிக்கிற பட்டை ரெண்டு மழைக்குத் தாங்காது. சுண்ணாம்புல நிக்கிற காவி வேற, கல்லு குடிச்ச காவி வேற. நேர்ல பாத்தாத்தான் புரியும்."

"ஞாயித்துக்கிழமை போலாமா அண்ணே?"

"காலைல ஆறு மணிக்குக் கிளம்பணும். வெயில் ஏறினா பாறையில கால் வைக்க முடியாது."

மாமி நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, கோட்டைக்குப் படி எத்தனை, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா என்று விசாரிக்க ஆரம்பித்தார்.