பூட்டும் திறவுகோலும்

தந்தையார் மறைந்தபின் பிள்ளைகளுக்கு வந்து சேர்பவை பல. நிலம் வருகிறது, வீடு வருகிறது, கடன் இருந்தால் அதுவும் தவறாமல் வருகிறது. பத்திரம் எழுதுபவரிடம் சென்று அமர்ந்தால், இவை அனைத்தையும் பாகம் பிரித்து, எல்லை குறித்து, முத்திரைத்தாளில் ஏற்றிக் கொடுத்துவிடுவார். எங்கள் தந்தையார் விட்டுச் சென்றவற்றுள் ஒன்று மட்டும் அந்தப் பத்திரத்துக்குள் அடங்க மறுத்தது. பழனி மலையின் கீழ்ச்சரிவில் உள்ள காப்பித் தோட்டத்தின் காவலுக்கென, பல ஆண்டுகளுக்கு முன் அவர் உரிமம் பெற்று வாங்கிய பன்னிரண்டு போர் ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. நிலத்துக்கு நாங்கள் மூவரும் வாரிசுகள். துப்பாக்கி அப்படித் தானாகக் கைமாறுவதில்லை. உரிமம் பெற்றவரோடு உரிமமும் முடிந்துவிடுகிறது. எஞ்சுபவை இரும்பும் மரமும், அவற்றை என்ன செய்வது என்ற கேள்வியுமே.

துக்க வீட்டில் இந்தக் கேள்வி எவருக்கும் உடனே எழுவதில்லை. அடக்கம், முப்பதாம் நாள், உறவினர் வருகை என்று நாள்கள் நகர்கையில், பீரோவுக்குள் இருக்கும் பொருள் ஓசையின்றிச் சட்டத்துக்குப் புறம்பானதாகிவிடுகிறது. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் தன் 21ஆம் பிரிவில் இதற்கு வழி சொல்கிறது. எந்தக் காரணத்தால் ஒருவர் ஆயுதத்தை வைத்திருப்பது சட்டப்படி செல்லாததாகிறதோ, அப்போது தேவையற்ற காலத் தாழ்வின்றி அதை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். எங்களுள் மூத்தவரான அண்ணன் அந்த வாரத்திலேயே ஒப்படைத்து ரசீது பெற்றுவந்தார். ஒப்படைத்ததால் அப்பாவின் பொருள் நம் கையை விட்டுப் போய்விட்டதென்று அன்னையார் கலங்கினார். அவ்வாறு போய்விடுவதில்லை. பின்னர் உரிமம் கிடைத்தால் அதைத் திரும்பப் பெறவும், வேண்டாமெனில் உரிமை உள்ள மற்றொருவருக்கு விற்று அந்தத் தொகையைப் பெறவும் அதே பிரிவு உரிமை தருகிறது. குறித்த காலத்துக்குள் இரண்டில் ஒன்றைச் செய்யாவிட்டால்தான் அது அரசுக்குச் சேரும்.

2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகள் வாரிசுகளுக்கென ஒரு வாயிலைத் திறந்துவைத்துள்ளன. உரிமம் பெற்றவர் இறந்தபின் அவருடைய சட்டப்படியான வாரிசு அதே துப்பாக்கிக்கு உரிமம் கோரலாம். உயிரோடு இருக்கும்போதே, உரிமதாரர் 70 வயதை எட்டியிருந்தாலோ, அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, தம் வாரிசுகளுள் ஒருவரைக் குறிப்பிட்டு மாற்றித் தரலாம். ஏனைய வாரிசுகள் தங்களுக்கு மறுப்பில்லை என்று எழுதித் தரவேண்டும். விண்ணப்பிப்பவர் 21 வயது நிறைந்தவராக இருக்கவேண்டும். துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிச் சான்று, உடல்நலமும் மனநலமும் சரியாக உள்ளன என்னும் மருத்துவச் சான்று, பாதுகாப்பாக வைத்திருப்பேன் என்ற உறுதிமொழி, அதன்மேல் காவல்துறையின் விசாரணை அறிக்கை ஆகியவை அனைத்தும் மாவட்ட ஆட்சியரின் மேசைக்குச் சென்று சேரவேண்டும். உரிமம் மறுக்கப்பட்டால், பொதுநலன் தடுத்தாலொழிய, காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறவும், மேல்முறையீடு செய்யவும் குடிமகனுக்கு வழியுண்டு. அலுவலகத்தின் நீண்ட விசுப்பலகையில் காத்திருப்போர் இந்த இரு உரிமைகளையும் அறிந்திருப்பது நல்லது. அறியாதவர்தாம் இடைத்தரகரைத் தேடிச் செல்கிறார்கள்.

மறுப்பில்லை என்று கையெழுத்திட வேண்டிய வேளையில்தான் எங்களுக்குள் விவாதம் மூண்டது. தங்கை கையெழுத்திடத் தயங்கினாள். பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து தங்கும் வீட்டில் இது எதற்கு என்று கேட்டாள். அண்ணனோ, இரவில் காட்டுப்பன்றி வாழைக்குள் இறங்குவதையும், தோட்டத்து வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு உள்ள தொலைவையும் எடுத்துக் கூறினார். இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. அந்த விவாதத்தின் நடுவே, இது நம் உரிமை என்ற சொல்லும் ஒருமுறை வந்து விழுந்தது. அந்தச் சொல்லைச் சற்று நிறுத்தி எடைபோட்டுப் பார்ப்பது தேவை என்று எங்களுக்குத் தோன்றிற்று.

அமெரிக்கக் குடியரசு 1791ஆம் ஆண்டில் தன் அரசமைப்பின் இரண்டாம் திருத்தத்திலேயே ஆயுதம் ஏந்தும் உரிமையை எழுதிவைத்தது. தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனிதரின் உரிமை என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. நம் அரசமைப்பில் அத்தகைய உரிமை எங்கும் எழுதப்படவில்லை. ஆங்கிலேயர் 1878இல் கொணர்ந்த ஆயுதச் சட்டம், இந்தியர் உரிமம் பெறவேண்டும் என்றும் ஐரோப்பியருக்கு அது வேண்டியதில்லை என்றும் வேற்றுமை செய்தது. அந்த இழிவு நம் முன்னோரைச் சுட்டது. விடுதலைக்குப்பின் இயற்றப்பட்டு 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டம் அந்த வேற்றுமையை நீக்கிற்று. உரிமம் என்னும் கட்டுப்பாட்டை மட்டும் எல்லார்க்கும் பொதுவாக நிறுத்திக்கொண்டது. குடகு மக்களுக்கும் அங்குள்ள ஜம்மா நிலம் உடையோர்க்கும் பழைய மரபை ஒட்டிய விலக்கு இன்றும் உண்டு. 2019இல் அது மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. மற்ற நமக்கெல்லாம் துப்பாக்கி என்பது சமுதாயம் ஒருவரை நம்பிக் கையில் கொடுக்கும் பொருள். நம்பிக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கவும் சமுதாயத்துக்கு உரிமை இருக்கிறது.

அந்த நம்பிக்கைக்கு எல்லைகள் பல. 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப்பின் பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. உரிமத்தின் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாக உயர்ந்தது. திருமணத்திலோ திருவிழாவிலோ களிப்பு மிகுந்து, பிறர் உயிருக்கு ஊறு நேரும் வகையில் சுட்டால் இரண்டாண்டுவரை சிறையோ, ஒரு லட்ச ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். உரிமதாரரின் துப்பாக்கியைத் தோட்டக் காவலாளி, தம் பெயர் முறைப்படி சேர்க்கப்படாமல், தோளில் மாட்டிச் செல்லக்கூடாது. பயிர்க்காவலுக்கென உரிமம் பெற்றிருந்தாலும் வனவிலங்கைச் சுடுவதற்கு அது அனுமதிச்சீட்டு ஆகாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியே காவல் நிற்கிறது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசிக்கும் உரிமதாரர்கள் அந்தச் சட்டத்தின்கீழும் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு ஆணை வரும். இவற்றையெல்லாம் மீண்டும் மீண்டும் படித்த பிறகே தங்கை கையெழுத்திட்டாள். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தாள். துப்பாக்கி வீட்டுக்கு வருமுன் பூட்டு வரவேண்டும் என்றாள்.

அவள் நிபந்தனை ஆழமானது என்று பின்னர் உணர்ந்தோம். சட்டம் வீட்டு வாசல்வரை வருகிறது. உறுதிமொழியில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றுவிடுகிறது. இரவில் பீரோவைப் பூட்டினோமா, தோட்டாவை எடுத்துவைத்தோமா என்று எந்த அதிகாரியும் வந்து பார்ப்பதில்லை. வாசலுக்கு உள்ளே அதிகாரம் செலுத்துவது மனச்சான்று ஒன்றே.

பாதுகாப்பு என்பதில் நாங்கள் கற்றவை எளியவை. நாள்தோறும் தவறாமல் செய்வதுதான் கடினம். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே எண்ணவேண்டும். கையில் எடுத்தவுடன் குழலை மடித்துத் திறந்து, தோட்டா இருக்கும் அறையைக் கண்ணால் பார்க்கவேண்டும். இருட்டாயின் விரலாலும் தடவி அறியவேண்டும். குழலின் வாய் எந்நேரமும் ஆளில்லாத திசையை நோக்கியிருக்கவேண்டும். சுடும் கணம் வரும்வரை விசையின்மேல் விரல் படலாகாது. வைக்கும்போது வெறுமையாக வைக்கவேண்டும். ஒற்றைக்குழல் துப்பாக்கியின் முன்மரத்தைக் கழற்றினால் குழலும் கட்டையும் தனித்தனியே பிரிந்துவிடும்; பிரித்து வைப்பதும் ஒரு பூட்டுத்தான். சுவரில் பதித்த இரும்புப் பெட்டியில் துப்பாக்கி, வேறோர் அறையில் வேறொரு பூட்டுக்குள் தோட்டா, இரண்டு திறவுகோல்களும் உரிமதாரரின் உடலோடு. மலைக்காற்றின் ஈரம் இரும்பை விரைவில் தின்னுமாதலால், தோலுறையிலோ துணியுறையிலோ நெடுநாள் இட்டுவைக்காமல், மெல்லிய எண்ணெய் பூசி வைக்கவேண்டும். விருந்தினர் கண்ணில் படுமாறு கூடத்தில் மாட்டுவது, திருடனுக்கு நாமே அனுப்பும் அழைப்பு.

பிள்ளைகளிடம் தொடாதே என்று சொல்லிவிட்டோம், தொடமாட்டார்கள் என்று நம்பும் பெற்றோர் உளர். பலகாரம் எங்கே ஒளித்துவைக்கப்படுகிறது என்பதை அறியாத பிள்ளை எந்த வீட்டிலாவது உண்டா? திறவுகோல் மெத்தைக்கு அடியில் இருப்பதைப் பெரியவர்கள் மட்டுமே அறிவர் என்று எண்ணுவது பெரியவர்களின் வெகுளித்தனம்.

துப்பாக்கி மிகுந்த நாடாகையால் இதுபற்றிய ஆய்வுகளும் அமெரிக்காவிலேயே மிகுதி. 2005இல் வெளியான ஓர் ஆய்வு, துப்பாக்கியைப் பூட்டிவைத்தல், தோட்டாவின்றி வைத்தல், தோட்டாவைப் பூட்டிவைத்தல், அதை வேறிடத்தில் வைத்தல் ஆகிய நான்கும் தனித்தனியே இளையோரின் தற்கொலையும் தற்செயல் காயமும் குறைவதோடு தொடர்புடையவை என்று கண்டது. கலிபோர்னியாவில் 2 கோடியே 63 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2020இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கைத்துப்பாக்கி உடைய ஆண்கள் தம்மையே சுட்டுக்கொண்டு இறப்பது, இல்லாத ஆண்களைக் காட்டிலும் ஏறத்தாழ 8 மடங்காக இருந்தது. பெண்களிடையே அது ஏறத்தாழ 35 மடங்கு. கள்வனை எண்ணி வாங்கிய ஆயுதம் வீட்டார் பக்கமே திரும்பும் கொடுமை இந்த எண்களில் தெரிகிறது. மிச்சிகன் மாநிலத்தின் ஆக்ஸ்போர்டு நகரில் 2021 நவம்பர் 30 அன்று 15 வயது மாணவன் ஒருவன் பள்ளியில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கி வீட்டில் அவன் கைக்கு எட்டாதவாறு பூட்டப்படவில்லை என்பது, பெற்றோர்மீது தொடுக்கப்பட்ட வழக்கின் முதன்மையான குற்றச்சாட்டுகளுள் ஒன்று. 2024இல் தாயும் தந்தையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகி, 10 முதல் 15 ஆண்டுகள் சிறைத் தண்டனை பெற்றனர்.

தொலைநாட்டுச் செய்தி என்று இவற்றை ஒதுக்கிவிட எங்களால் இயலாமற்போனதற்குக் காரணம் உண்டு. அண்ணனுக்கு உரிமம் கிடைத்து, துப்பாக்கி வீடு திரும்பிய மூன்றாம் ஆண்டில், எங்கள் இல்லத்து இளைஞன் ஒருவன் தேர்வில் எதிர்பார்த்த மதிப்பெண் பெறாமல் ஒடுங்கிப் போனான். உண்பது குறைந்தது, பேச்சு நின்றது, இரவில் விளக்கு அணைவதில்லை. மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அண்ணன் எவரும் கேட்குமுன்னே, ஒரு காலை துப்பாக்கியையும் தோட்டாக்களையும் எடுத்துக்கொண்டு, உரிமம் பெற்ற வணிகரிடம் பாதுகாப்புக்கென ஒப்படைத்து வந்தார். பெட்டியில் பூட்டு இருக்கிறதே என்றார் அன்னையார். பூட்டைத் திறக்க ஒருவனுக்கு வேண்டியது ஒரு நாள் போதும் அம்மா, அவன் மனம் ஆற ஓர் ஆண்டு வேண்டும் என்று அண்ணன் பதிலளித்தார். அந்த ஆண்டு பன்றிகள் வாழையில் பாதியை அழித்தன. தகரத்தைத் தட்டியும் வெடி போட்டும் விரட்டினோம். இழப்பைக் கணக்கிட்டோம், வருந்தவில்லை. இளைஞன் மெல்ல மீண்டான். இன்று அவன் வேறோர் ஊரில் பணிபுரிகிறான்.

துன்பத்தின் உச்சம் பெரும்பாலும் நெடுநேரம் நிலைப்பதில்லை. அந்தக் குறுகிய நேரத்தில் கைக்கெட்டும் தொலைவில் இருப்பது எது என்பதே வாழ்வையும் சாவையும் தீர்மானித்துவிடக்கூடும். தூக்க மாத்திரைக்கும் பூச்சிமருந்துக்கும் இது பொருந்தும். துப்பாக்கிக்கோ இன்னும் கூடுதலாகப் பொருந்தும், ஏனெனில் அது மனம் மாற அவகாசம் தருவதில்லை. பூட்டு என்பது அந்த அவகாசத்தை இரும்பில் வடித்த வடிவம்.

புதிதாக உரிமம் பெறுவோர் துப்பாக்கியின் விலையையும் குழலின் நீளத்தையும் கேட்டறிகின்றனர். அவற்றோடு, இந்த வீட்டில் யார் யார் வாழ்கிறார்கள், யார் வந்து போகிறார்கள், இவ்வாண்டு யாருடைய மனம் நொந்திருக்கிறது என்பவற்றையும் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அரசு உரிமத்தைப் புதுப்பிக்கிறது. வீடோ நாள்தோறும் மாறுகிறது. குழந்தை வளர்ந்து திறவுகோலை எட்டிப் பிடிக்கும் உயரத்தை அடைகிறது. முதியவரின் நினைவு மங்குகிறது. ஆகவே வைத்திருக்கலாமா என்னும் கேள்விக்கு ஒருமுறை கிடைத்த விடை என்றைக்குமான விடை ஆகாது. வைத்திருக்கத் தெரிந்தவர் என்பவர், ஒப்படைக்கவேண்டிய நாளையும் அறிந்தவரே.