சட்டையில் இல்லை மறைவு

மான் வேட்டைக்கு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை போட்டுவிட்டது. இப்போது கேமராதான். ஆனாலும் மானை நெருங்கும் வித்தை அன்றைய வேட்டைக்காரனுக்கும் இன்றைய படக்காரனுக்கும் ஒன்றே. ஜீயபுரத்திலிருந்து என்னோடு கோடியக்கரைக்குக் கிளம்பும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "அண்ணே, இலைதழை படம் போட்ட காமோ சட்டை எங்கே கிடைக்கும்?"

எனக்குத் தொழில் சொல்லித்தந்த பெரியவர் போட்டது சாயம் போன காக்கிச் சட்டைதான். "சட்டை சும்மாதான் இருக்கும்டா, கைதான் சும்மா இருக்காது" என்பார். கொசு கடித்தாலும் அவர் கை எழாது. மான் குனிந்து மேயும்போது ஓரடி வைப்பார். தலை தூக்கினால் கல்லாக நிற்பார். புள்ளிமான் காதிரண்டையும் நம் பக்கம் திருப்பி முன்னங்காலால் தரையைத் தட்டினால் அன்றைய படம் போச்சு.

புதருக்குப் பின்னால் ஒளியவும் விடமாட்டார். பின்னால் இருந்தால் எட்டிப் பார்க்கத் தோன்றும். முன்னால் உட்கார்ந்தால் புதரின் நிழலே ஆள் உருவத்தைக் கலைத்துவிடும்.

நிறத்துக்கு வருவோம். மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் பச்சையிலிருந்து பிரிந்து தெரியாது. புலி அந்த நிறத்தில் திரிந்தும் பிழைப்பது அதனால்தான். அமெரிக்காவில் பல மாநிலங்களில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு உடுப்புப் போட்டாக வேண்டும், சக வேட்டைக்காரன் தவறிச் சுட்டுவிடாமல் இருக்க. மானை உறுத்துவது நீலம். சோப்புத்தூளில் பளிச்சென்று வெளுக்கச் சேர்க்கும் பொருளும் அந்தப் பக்கத்து ஒளியையே கூட்டும். காட்டுக்கான துணியைப் பூந்திக்கொட்டையில் அலசுங்கள், சொட்டுநீலம் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலே காற்று. காவிரிக்கரை எருக்கங்காய் வெடிக்கும் பருவத்தில் பஞ்சைப் பழைய பிலிம் டப்பாவில் அடைத்துவைப்பேன். மண்ணைத் தூவினால் காலடிக் காற்றுதான் தெரியும். எருக்கம்பஞ்சு ஓரிழை விட்டால் மிதந்துபோய், முப்பதடி தள்ளிக் காற்று வளைகிற இடத்தையும் காட்டும். கோடியக்கரையில் விடியலில் நிலக்காற்று, வெயில் ஏறினால் கடல்காற்று. காலையில் சரியாக இருந்த இடம் மதியம் வெளிமானுக்கு நம் வியர்வை வாடையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். திசை மாறுமுன் எழுந்து இடம் மாற வேண்டும்.

காமோ இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், குற்றமில்லை. முதுகுப்பக்கம் காற்று அடிக்கிறபோது மட்டும் அதை நம்பி உட்காராதீர்கள்.